ஸ்லாட்டா, பாயிண்டா: மந்திரவாதியின் கையிருப்பை எதில் அளப்பது?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுகிறவர்கள் சொந்தமாக ஒரு ஆட்டம் எழுத உட்கார்ந்தால், முதலில் முட்டிக்கொள்வது மந்திரவாதியிடம்தான். வாள்காரனுக்குத் தொல்லை இல்லை, நாள் முழுக்க வீசலாம். மந்திரவாதி நாளைக்கு எத்தனை முறை மந்திரம் போடலாம், எவ்வளவு பெரியது போடலாம் என்பதற்கு மட்டும் ஒரு அளவுகோல் வேண்டும். பழக்கத்தில் இருப்பது இரண்டு: ஸ்லாட் (ஒவ்வொரு தர மந்திரத்துக்கும் நாளைக்கு இத்தனை முறை என்று தனித்தனி ஒதுக்கீடு), ஸ்பெல் பாயிண்ட் (எல்லாத் தரத்துக்கும் பொதுவாக ஒரே கையிருப்பு, பெரிய மந்திரத்துக்கு விலை அதிகம்). எங்கள் மேசை ஸ்லாட் பக்கம் போய்விட்டது. அந்தச் சாய்வோடுதான் இதைப் படிக்க வேண்டும்.

கணக்குக்கு இந்த வகை ஆட்டங்களில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆளின் தரமும் லெவல், மந்திரத்தின் தரமும் லெவல். புதிதாக வருகிறவர் இங்கேயே குழம்பிப் போவார். மந்திரத்துக்கு ‘வட்டம்’ என்று வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போகும்.

5ஆம் லெவல் விசார்டுக்கு (ஒரு மந்திரவாதி வகுப்பு) முதல் வட்டத்தில் 4 ஸ்லாட், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 2. அதே பதிப்பு மாற்று விதியாகப் பாயிண்ட் முறையையும் தருகிறது. முதல் வட்டத்துக்கு 2 பாயிண்ட், இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 5. ஸ்லாட்டுகளை இந்த விலையில் மாற்றினால் 8, 9, 10, மொத்தம் 27. விதி கொடுக்கும் பாயிண்டும் அதே 27. காகிதத்தில் இரண்டும் சமம்.

மேசையில் சமம் இல்லை. கூட்டத்தையே எரிக்கும் ஃபயர்பால் மூன்றாம் வட்டத்து மந்திரம். ஸ்லாட்டில் நாளைக்கு இரண்டு போடலாம். கதைக்குள் ஒரு மணி நேரம் ஓய்வாக உட்கார்ந்தால் விசார்டுக்கு இன்னொன்று திரும்பும், அவ்வளவுதான். பாயிண்டில் 27ஐ ஐந்தால் வகுத்தால் ஐந்து ஃபயர்பால், மீதி 2. ஒரு சண்டை மூன்று ரவுண்டு, மாலைக்கு இரண்டு சண்டை என்றால் மொத்தம் ஆறு ரவுண்டு. அதில் ஐந்தில் வெடி. ஒரு வெடியின் அடி எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28. எதிரிகள் மூன்று பேர் நின்று, பாதித் தடவை தப்பிப் பாதி அடியே வாங்கினாலும் ஒரு வெடிக்கு 63. அதே லெவலில் பெரிய வாள் வைத்திருப்பவன் இரண்டு வீச்சும் பட்டால் 22 கொடுப்பான். நூற்றுக்கு 65 தடவை படும் என்று வைத்தால் 14 சொச்சம். அவன் டீக்கடைக்குப் போய்விட்டு வரலாம்.

சின்ன மந்திரத்துக்கு விலை குறைவாக இருந்தும் ஏன் யாரும் அதைப் போடுவதில்லை? பாயிண்டைத் தவிர இன்னொரு செலவும் இருக்கிறது: தன் முறை. மூன்று ரவுண்டில் முடிகிற சண்டையில் ஒருவருக்கு மூன்றே முறை. முதல் வட்டத்து மேஜிக் மிசைல் 2 பாயிண்டுக்குச் சராசரி 10.5 தரும். ஃபயர்பால் 5 பாயிண்டுக்கு 28, அதுவும் தலைக்கு. பாயிண்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஒற்றை எதிரியிடம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு முறைக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆகவே பாயிண்ட் கொடுத்தால் எல்லாரும் உச்ச வட்டத்தில்தான் கொட்டுவார்கள். அது பேராசை இல்லை, சரியான கணக்கு.

9ஆம் லெவலில் இன்னும் மோசம். 57 பாயிண்ட், ஐந்தாம் வட்டத்துக்கு விலை 7. ஸ்லாட்டில் ஒன்றே ஒன்று, பாயிண்டில் எட்டு. விதியை எழுதியவர்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கும். ஆறாம் வட்டம் முதல் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு முறைதான் என்று வேலி போட்டார்கள். ஆனால் ஆறாம் வட்டம் கைக்கு வருவது 11ஆம் லெவலில். பெரும்பாலான மேசைகள் ஆடித் தீர்க்கிற 5 முதல் 10 வரை வேலி இல்லை. (11க்கு மேல் நாங்கள் ஆடியது குறைவு. இந்தக் கணக்கை அங்கே அப்படியே நம்ப வேண்டாம்.)

கண்ணால் பார்க்க முடிவது ஸ்லாட்டின் இன்னொரு வசதி. வீட்டுப் பரணில் பல்லாங்குழிப் பலகை இருந்தால் இறக்குங்கள். ஒரு வரிசைக்கு ஏழு குழி. உங்கள் பக்கத்து வரிசையில் முதல் குழியில் 4 புளியங்கொட்டை, அடுத்ததில் 3, அதற்கடுத்து 2. மந்திரம் போட்டதும் ஒரு கொட்டையை எதிர்க் குழிக்குத் தள்ளிவிட வேண்டும். மிச்சமும் செலவும் ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கு எதிரிலிருந்தே தெரியும். எட்டாம் வட்டம் 15ஆம் லெவலில்தான் வரும் என்பதால் 14 வரை ஒரு பலகை போதும். பாயிண்டில் இதுவே காகிதமும் ரப்பரும்: 27இல் 5 போக 22, 3 போக 19. “சேட்டா, பத்தொன்பதா, பதினேழா?” என்று பாதிச் சண்டையில் ஒரு குரல் வரும், கழித்ததா கழிக்காததா என்று அங்கே ஒரு தனிச் சண்டை ஓடும்.

பாயிண்ட் பக்கமும் நியாயம் உண்டு. வீடியோ கேம் ஆடி வந்த பையனுக்கு அரை நிமிடத்தில் புரியும். சண்டை குறைவாய், துப்பறிதலும் பேச்சுமாய் ஓடும் ஆட்டத்தில் சின்ன மந்திரங்களை இஷ்டத்துக்குப் போட அது தோது. அதைத்தான் வைப்பேன் என்பவர்களுக்கு ஒரு வைத்தியம்: அன்றைக்கு அதே மந்திரத்தை மறுபடி போட்டால் ஒவ்வொரு தடவையும் 2 பாயிண்ட் கூடுதல். ஃபயர்பால் 5, 7, 9 என்று ஏறி மூன்றோடு 21 போய்விடும். மீதி 6, நாலாவதற்கு 11 வேண்டும், கிடைக்காது. வேலை செய்யும். ஆனால் எழுதிவைக்க இன்னொரு பத்தி காகிதத்தில் ஏறும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு மந்திரத்துக்கும் இருபதுமுக டைஸ் உருட்டி, 10உடன் வட்டத்தைக் கூட்டிய எண்ணைத் தொட வேண்டும், தவறினால் அன்றைக்கு அந்த மந்திரம் போச்சு என்ற முறை. டைஸில் விழுந்ததோடு 4 கூட்டிக்கொள்கிறவருக்கு முதல் வட்டம் நூற்றுக்கு 70 தடவை பலிக்கும், மூன்றாவது 60. பரபரப்பு நிச்சயம். ஆனால் எடுத்த எடுப்பில் இரண்டு தவறினால் அந்த ஆள் மாலை முழுக்கக் கல்லெறிய வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்து வாசனைக்கு நாட்டுக்கதை ஒடியனை ஒரு வகுப்பாக்க ஆசை வராமல் இருக்காது. இரவில் மாடாக உருமாறி வழிமறிப்பவனுக்கு விசார்டின் பட்டியல் பொருந்தாது. அதே பதிப்பில் வரும் வார்லாக் என்ற இன்னொரு மந்திர வகுப்பு மாதிரி 5ஆம் லெவலில் மூன்றாம் வட்டத்து ஸ்லாட் இரண்டே இரண்டு, ஒரு மணி நேர ஓய்வில் இரண்டும் திரும்பும் என்று வையுங்கள். நாளில் இரண்டு ஓய்வு கிடைத்தால் ஆறு மந்திரம், பாயிண்டில் சொன்னால் 30. விசார்டின் 27க்குப் பக்கம். ஓய்வே கிடைக்காவிட்டால் வெறும் 10. இரண்டு சண்டைக்கு நடுவே ஒரு ஓய்வு என்றாலோ மூன்றாம் வட்டம் நான்கு முறை, விசார்டைத் தாண்டிவிடும். அதனால் கூட்டத்தை மொத்தமாக எரிக்கும் மந்திரம் எதையும் அவன் பட்டியலில் சேர்க்காதீர்கள். இருட்டு, பயமுறுத்தல், உருமாற்றம் போதும்.

ஸ்லாட்டுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல் வரும் என்று நினைத்து வகுத்த எண்ணிக்கை அது. மூன்று மணி நேரத்தில் இரண்டு மோதல்தான் முடியும். ஆட்டம் கலைந்தால் ராத்தூக்கம் என்று விட்டால் ஸ்லாட்டும் பாயிண்ட் மாதிரியே வழியும். அதே பதிப்பில் சிறு ஓய்வு (அந்த ஒரு மணி நேர ஓய்வு) 8 மணி நேரம், நெடு ஓய்வு (எல்லா ஸ்லாட்டும் திரும்பும் ராத்தூக்கம்) 7 நாள் என்று ஒரு மாற்று உண்டு. அதைவிட எளிது, நெடு ஓய்வை இடத்தோடு கட்டிவிடுவது: கணவாயின் கிழக்கு வாயிலில் ஒரு சத்திரம், மேற்கு வாயிலில் ஒன்று, நடுவே ஆறு மோதல். மூன்று ஞாயிறு ஆகும். எழுந்து போகும்போது பலகையில் மிச்சமிருக்கும் கொட்டைகளை ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே கொட்டைகளோடு தொடங்கலாம்.