புது ஷாக்கா, புது ரப்பரா? பழைய காரின் சஸ்பென்ஷன் கணக்கு

14 வயதான என் காருக்கு முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். முதல் வேகத்தடையிலேயே பழைய 'டொக்' சத்தம் அப்படியே கேட்டது. சத்தம் போட்டது ஷாக்கே இல்லை, ஸ்டெபிலைசர் பாரின் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராடு, அதாவது அந்தக் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் தண்டு. அதன் நுனியில் இருந்த சின்ன பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டு) தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து 'எந்த ஷாக் நல்லது' என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

முதல் கேள்வி, தேய்ந்தது எது? ஷாக் போனால் பெரும்பாலும் சத்தம் வராது, ஆட்டம்தான் வரும். மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும். பிரேக் மிதித்தால் முன்பக்கம் குனியும். டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும். 'டொக் டொக்' என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட் பக்கம் முதலில் பாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது போலக் கேட்டால் சந்தேகம், ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் டாப் மவுண்டின் பேரிங் மேல். ஷாக்கின் மேல்பகுதியில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பதற வேண்டாம், வழிந்து இறங்கினால்தான் மாற்ற வேண்டும்.

சரி, ஷாக்தான் போயிருக்கிறது. ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா? மோனோ ட்யூபில் ஒரே குழாய், உள்ளே 20 முதல் 30 பார் வரை அழுத்தத்தில் நைட்ரஜன். சூடு நேராக வெளியேறுவதால் தொடர்ந்து கரடுமுரடான பாதையிலும் சோராது. கேஸ் ட்வின் ட்யூபில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய், அழுத்தம் மிகக் குறைவு, ஓட்டம் மென்மையாக இருக்கும். வெளிக்குழாயில் கல் பட்டுச் சின்னதாக நசுங்கினாலும் அது வேலை செய்யும். மோனோ ட்யூபில் அதே நசுங்கல் பிஸ்டனையே நிறுத்திவிடும். கேஸ் இல்லாத வெறும் எண்ணெய் ஷாக் மலிவு, ஆனால் தொடர் குலுக்கலில் எண்ணெய் நுரைத்துப் பிடி தளரும். பழைய காருக்கு என் ஓட்டு கேஸ் ட்வின் ட்யூபுக்கே. தளர்ந்த புஷ்களோடு விறைப்பான மோனோ ட்யூபைப் போட்டால் வண்டியில் இருக்கும் ஆட்டமெல்லாம் காதில் விழும்.

பழுது பார்த்து எண்ணெய் நிரப்பி விற்கும் பழைய ஷாக்கை நான் வாங்கவே மாட்டேன். உள்ளே வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிக்காமல் யாருக்கும் தெரியாது.

அடுத்து, முழு ஸ்ட்ரட் அசெம்ப்ளியா, தனித்தனிப் பாகமா? அசெம்ப்ளியில் ஷாக்கோடு ஸ்பிரிங், மவுண்ட், பேரிங் எல்லாம் கோத்தே வரும். சில போல்ட்டுகளில் வேலை முடியும், ஸ்பிரிங்கை அமுக்கும் ஆபத்தும் இல்லை. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும், அதை வீட்டில் முயல வேண்டாம். ஆனால் அசெம்ப்ளியில் வரும் ஸ்பிரிங் பல மாடல்களுக்குப் பொதுவானதாக இருக்கலாம், வண்டியின் உயரம் மாறும். உங்கள் ஸ்பிரிங் விரிசலில்லாமல், துரு அரிக்காமல், தாழாமல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு ஷாக், மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர் (ஷாக் அடிவரை இறங்கி மோதாமல் தாங்கும் துண்டு), தூசி உறை ஆகியவற்றை மாற்றுவது மேல். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஷாக்கின் பளபளப்பான ராடை பிளையரால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறல் உள்ளே போய்வரப் போய்வர, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலைக் கிழிக்கும்.

லோயர் ஆர்மில் புஷ் மட்டும் போயிருந்தால் புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றலாம். பால் ஜாயின்ட்டும் ஆடினால் முழு ஆர்மே லாபம். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் அதிர்வை உள்ளே கடத்தும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே போதும். அப்புறம், பலரும் தவறவிடும் ஒன்று: ரப்பர் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஷாக்கை ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஆர்மும் மாற்றுவதாக இருந்தால் அதே நாளில் முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் வீல் அலைன்மென்ட்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) இரண்டு முறை செலவு.