வாத்து பார்க்க பைனாகுலரா, ஸ்கோப்பா?

காட்டுக்குள் குருவி பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது, பைனாகுலர்தான். தாழ்வான சதுப்புநிலம் அப்படியில்லை. தண்ணீர் அகலமாகக் கிடக்கும், ஏறி நின்று பார்க்க ஒரு மேடு இருக்காது, வாத்துகளோ கரையில் நம் தலை தெரிந்ததுமே நடுத்தண்ணீருக்கு நகர்ந்து, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு பழுப்பு உருண்டைகளாக மிதக்கும். 8x42 பைனாகுலரில் (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) பார்த்தால் கொஞ்சம் பெரிய உருண்டைகள், அவ்வளவுதான்.

ஸ்கோப், அதாவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி, இங்கேதான் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. முக்காலியில் நிறுத்தி 25, 30 மடங்கில் வைத்துப் பாருங்கள், கூட்டத்தின் ஓரத்தில் தூங்கும் மல்லார்ட் வாத்து வெளிப்பக்கக் கண்ணை மட்டும் திறந்து காவல் காப்பதுகூடத் தெரியும். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் பகட்டு இறகை உதிர்த்துப் பெட்டை போலவே ஆகிவிடும். அந்தச் சமயத்தில் அலகின் நிறத்தையும் வடிவத்தையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும். அன்னங்களிலும் அலகுதான் அடையாளம். ஹூப்பர் அன்னத்துக்கு மஞ்சள் நிறம் ஆப்பு மாதிரி மூக்குத் துளையைத் தாண்டி ஓடும், பெவிக் அன்னத்துக்கு அதற்கு முன்பே நின்றுவிடும். பெவிக்கில் இந்த மஞ்சளும் கறுப்பும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு என்று கண்டு, 1964இல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பறவையியலாளர் பீட்டர் ஸ்காட் ஒவ்வொரு அன்னத்தையும் தனித்தனியாக அடையாளம் காணத் தொடங்கினார். அவருக்கு வீட்டு ஜன்னலுக்கு வெளியிலேயே வந்து இறங்கின, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெட்டியில் 60 மடங்கு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 80 மி.மீ. லென்ஸாக இருந்தாலும் 60இல் காட்சி மங்கிவிடும், வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று நெளிந்து வாத்தும் சேர்ந்து நெளியும். விடிகாலையில் போங்கள்.

சரி, வாத்து பறந்துவிட்டால்? ஸ்கோப்பைத் திருப்பி முடிப்பதற்குள் வானம் காலி. இங்கே பைனாகுலரை அடிக்க ஆள் இல்லை. சிறகில் பச்சைப் பட்டை மின்னினால் கிளுவை, சதுரமாக வெள்ளை தெரிந்தால் கருவால் வாத்து என்று நொடியில் முடிந்துவிடும். "10 மடங்கு பைனாகுலர் ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் ஆகாதா" என்று கேட்பார்கள், ஆகாது; கை நடுக்கம்தான் கூடும், தூரத்து உருண்டை உருண்டையாகவே இருக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8x42. ஸ்கோப்போடு யாராவது பக்கத்தில் நின்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள், முக்காலியைத் தட்டிவிடாமல் இருந்தால் போதும்.