தர்மபுரியில அப்பாவ ஏஐ-ல பேச வெச்ச வீடியோ கடை, எங்க அனுபவம்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு வீடியோ எடிட்டிங் கடை, பேர் வேணாம், இறந்தவங்கள ஏஐ-ல பேச வெச்சு குடுக்கறாங்க, புதுவீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எங்கப்பா வீடியோ அங்கதான் பண்ணோம்.

இந்த ஆசை எங்க வந்துச்சுன்னா விஜய்யோட கோட் படத்துல கேப்டன் விஜயகாந்த் ஏஐ-ல வந்தாரு பாருங்க, அவரு போனது 2023 டிசம்பர் 28, படம் அடுத்த செப்டம்பர், தியேட்டர்ல பக்கத்து சீட்டு பெரியவரு எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு, எங்கப்பாவும் அவரோட வெறி ரசிகர், அப்பவே முடிவு பண்ணிட்டேன் நம்ம அப்பாவையும் ஒரு தடவ இப்படி பாத்துரணும்னு.

6,500 ரூபா. பத்து போட்டோவும் வாட்ஸப்ல கெடந்த மூணு வாய்ஸ் நோட்டும் கேட்டாங்க, "பெங்களூரா லோடு எறங்கிச்சா"ன்னு (பெங்களூரா ஒரு மாங்கா ரகம்) அப்பா மாங்கா மண்டியிலருந்து கேட்டதெல்லாம் அதுல இருக்கு. நாலே நாள்ல குடுத்துட்டாங்க. பழைய கல்யாண போட்டோவ கலர் பண்ணது அருமை, அம்மா சேலை அரக்குன்னு சொன்னோம், அப்படியே வந்துச்சு.

பேச்சுதான் சரியில்ல. அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும், சிரிச்சா மொதல்ல அதான் தெரியும், ஏஐ அத அடைச்சு வரிசையா பல்லு வெச்சிருச்சு. அம்மா செல்போன கண்ணுகிட்ட வெச்சு பாத்துட்டு "இது யாரு பல்லுடா"ன்னு கேட்டாங்க, வேற ஒண்ணும் பேசல. கொரல் அவரோடதுதான், ஆனா "அனைவரையும் அன்புடன் வரவேற்கிறேன்"னு நியூஸ் வாசிக்குது, காவேரிப்பட்டணம் மாங்கா மண்டியில முப்பது வருஷம் கத்திப் பேசுன மனுஷன், யாரு வந்தாலும் "வாங்க, மொதல்ல சாப்புடுங்க"ம்பாரு. வசனம் கடைக்காரங்களே எழுதுனது, எங்ககிட்ட காட்டவே இல்ல. திருத்த இன்னொரு 1,500 குடுத்தேன், சந்து வந்துச்சு, இப்ப பேச்சும் உதடும் ஒட்டல.

அதவிட ஆத்திரம் எதுக்குன்னா அந்த வீடியோவ அவங்க இன்ஸ்டாவுல சாம்பிள்னு போட்டுட்டாங்க, சித்தப்பா பையன் பாத்து அனுப்புனான், போய் கேட்டா "மொகம் நல்லா வந்திருந்துச்சுண்ணா"ங்கறாங்க. கேப்டன் வீட்ல கேட்டுட்டுதான் சினிமாக்காரங்களே பண்ணாங்க, லால் சலாம் படத்து பாட்டுக்கு இறந்துபோன பாடகருங்க பம்பா பாக்யா, சாகுல் ஹமீது கொரல ஏஐ-ல கொண்டாந்தப்ப ரெண்டு குடும்பத்துலயும் அனுமதி வாங்கி பணமும் குடுத்தோம்னு ஏ.ஆர்.ரகுமானே சொன்னாரு. மண்டிக்காரர் மொகம்னா கேக்க வேணாமா? சண்ட போட்டப்புறம்தான் எடுத்தாங்க. நானும் அம்மாகிட்ட கேக்காம சர்ப்ரைஸ்னு பண்ணது தப்பு, ரெண்டு நாள் அவங்க என்கிட்ட சரியா பேசல, அது இன்னும் மனசுல உறுத்துது.

விசேஷத்தன்னிக்கு வீடியோ போடல, கலர் போட்டோவ பிரேம் போட்டு நடுவூட்ல மாட்டிட்டோம்.

போட்டோ வேலைக்கு தாராளமா போங்க. பேசற வீடியோதான் வேணும்னா வீட்ல எல்லாரையும் கேட்டுட்டு வசனத்த நீங்களே உங்க பேச்சுல எழுதிக் குடுங்க, வேற எங்கயும் போட மாட்டோம்னு எழுதி வாங்குங்க, வேல முடிஞ்சதும் வாய்ஸ் நோட்டெல்லாம் டெலிட் பண்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு வாங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார், அதுவும் அந்த அரக்கு சேலைக்காக.