ஓர்சேயில் ரூம் எடுக்கிறவர்களே, அலமாரிக்குப் பின்னால் பாருங்கள்

பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள ஓர்சேவுக்குப் படிக்கவோ ஆராய்ச்சிக்கோ வருகிறவர்கள், இதைப் படித்துவிட்டு ரூம் தேடுங்கள். எனக்கு 1,240 யூரோ போயிற்று.

ஓர்சே மேடும் பள்ளமுமான ஊர். கீழே இவெத் ஆறு, ஆர்.இ.ஆர். பி ரயில், ஜோலியோ-கியூரி தம்பதியரின் முயற்சியால் 1950களில் உருவான பழைய பல்கலைக்கழக வளாகம். மேலே சக்லே பீடபூமி, புதுப்புது ஆய்வுக்கூடங்கள். செப்டம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவதால் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று வாரம் நண்பன் வீட்டு சோபாவில் படுத்துக் கிடந்த எனக்கு, ஆற்றோரமாகத் தரைத்தளத்தில் ஒரு ஸ்டுடியோ கிடைத்தது. வாடகை 620, அட்வான்ஸ் இரண்டு மாதம். கட்டில், அலமாரியோடு விடும் வீட்டுக்கு அதுவரை வாங்கலாம் என்பதுதான் சட்டம், அதில் தப்பில்லை.

தப்பு சாவி வாங்கிய அன்று நடந்தது. வீடு எந்த நிலையில் கைமாறுகிறது என்று இரண்டு பேருமாகப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடும் தாள் ஒன்று உண்டு, ‘எத்தா தெ லியூ’ என்பார்கள். கேட்டேன். ஓனர் கடிகாரத்தைப் பார்த்தபடியே, “அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம்” என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

நவம்பரில், விழுந்த பேனாவை எடுக்க அலமாரியை நகர்த்தினேன். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். மேலே புது பெயிண்ட். விரலை வைத்தால் காரை மாவாக உதிர்ந்தது. 2016 வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதைப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெள்ள அபாயம் உள்ள இடமென்றால் அதைச் சொல்லும் தாளை ஒப்பந்தத்தோடு தரவேண்டும். அவர் தரவில்லை, அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

காலி செய்த அன்று மனிதருக்கு எந்த அவசரமும் இல்லை. டார்ச்சோடு வந்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஜன்னலைத் திறக்காமல் சமைத்துச் சமைத்து நான்தான் சுவரைக் கெடுத்துவிட்டேனாம். அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டார்.

நுழையும்போது எழுதிய தாள் இல்லையென்றால், நல்ல நிலையில்தான் வீட்டை எடுத்தீர்கள் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. ஓனர்தான் எழுதவிடாமல் தட்டிக்கழித்தார் என்று காட்டினால் அது அவருக்கு உதவாது. ஆனால் நான் கேட்டது வாய்வார்த்தையாக. அன்றிரவே ஒரு மின்னஞ்சல், அப்புறம் ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தால் என் கையில் ஏதாவது இருந்திருக்கும். தேதியோடு படங்களும் எடுத்துவையுங்கள், சாமான்களை நகர்த்திவிட்டு.

வீட்டு விவகாரங்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் ‘ஆதில்’ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, காசு வாங்காத சமரசக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பிடித்த தொகைக்கு ஓனர் பில்லோ எஸ்டிமேட்டோ ஏதாவது ஆதாரம் காட்டியாக வேண்டும். இதுவரை ஒன்றையும் காட்டவில்லை.

போன வாரம் அந்த ஸ்டுடியோ மறுபடி விளம்பரத்தில் வந்தது. படத்தில் அலமாரி அதே சுவரோடு ஒட்டி நிற்கிறது.