கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள்: ஏழு வருட சிந்தெடிக் ஆயில் அனுபவம்

என் கார் 1 லிட்டர் டர்போ பெட்ரோல், நேரடி எரிபொருள் பாய்ச்சும் வகை. வாங்கி ஏழு வருடம் ஆகிறது, 87,500 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த ஏழு வருடத்தில் ஆயில் விஷயத்தில் நான் செய்த தவறுகளும், அதில் கற்றுக்கொண்டதும் இன்னொருவருக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதல் 30,000 கிலோமீட்டர் வரை என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. சர்வீஸுக்கு விடுவேன், பில்லில் ‘இன்ஜின் ஆயில்’ என்று ஒரு வரி இருக்கும், பணம் கட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து இரண்டு விநாடிகளுக்குக் கடகடவென்று ஒரு சத்தம். இரவு முழுக்க நின்ற வண்டியில் மட்டும்தான் வரும். அதற்கப்புறம்தான் மேனுவலை எடுத்துப் படித்தேன். 5டபிள்யூ-30 (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் கிரேடு), ஏபிஐ எஸ்என் (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறியீடு) அல்லது அதற்கு மேல் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எனக்கு ஊற்றியிருந்ததோ டிரம்மிலிருந்து பிடித்த 10டபிள்யூ-30. தரக்குறியீடு என்ன என்று கேட்டதற்கு அங்கே யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த தவறு என்னுடையது. “டர்போ வண்டிக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்று, சூட்டைத் தாங்கும்” என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-40 வாங்கி ஊற்றினேன். ஆயில் தரமானதுதான். ஆனால் 10,000 கிலோமீட்டர் ஓட்டியதில் மைலேஜ் லேசாகக் குறைந்தது, பிக்கப்பும் கொஞ்சம் மந்தம். 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. அதைச் சுற்றித் தள்ள ஆயில் பம்ப்புக்குக் கூடுதல் வேலை. இன்ஜினை வடிவமைத்தவர்கள் பேரிங் இடைவெளியையும் பம்ப்பையும் ஒரு கிரேடை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மேனுவலில் 40-ஐயும் அனுமதித்திருந்தால் அது வேறு கதை. என் மேனுவலில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பலரும் தடுமாறும் இடம் இது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரைப் பற்றியது மட்டுமே. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும் இன்ஜினைச் சுழற்றும் அளவுக்கு இளகி இருக்க வேண்டும் என்பது சோதனை. “நம்ம ஊர் வெயிலுக்கு 5டபிள்யூ தண்ணியாகிவிடும்” என்பது தவறான பயம். சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது பின்னால் வரும் 30. வெயில் ஊரிலும் இந்த முன் எண்ணுக்கு வேலை உண்டு. 100 டிகிரியில் 10 சென்டிஸ்டோக் இருக்கும் அதே ஆயில் 40 டிகிரியில் ஏறத்தாழ 60 இருக்கும். அதாவது எந்த ஊராக இருந்தாலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாகத்தான் இருக்கிறது. அது எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறது என்பதில்தான் தேய்மானம் அடங்கியிருக்கிறது.

40,000-இல் மேனுவல் சொன்னபடியே ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30-க்கு வந்தேன். காலைச் சத்தம் நின்றது. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அந்த வருடம் என் ஓட்டம் மாறியது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் போய் வருவதோடு சரி. இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும். சில மாதம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. குறையும் என்று பார்த்தால் கூடியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் வாடை. துணியில் ஒரு சொட்டு விட்டேன். வழக்கமாக மெதுவாக ஊறும் சொட்டு சட்டென்று அகலமாகப் பரவியது. நேரடி பாய்ச்சல் இன்ஜின்களில் குளிர்ந்த நிலையில் சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல், பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். நான் ஓட்டவில்லை. பழைய ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் எரிபொருள் கலப்பு கூடுதல், அமிலத்தை முறிக்கும் காரச் சத்து நன்றாகக் குறைந்திருக்கிறது என்று வந்தது. இரும்புத் துகள் மட்டும் பயப்படும் அளவில் இல்லை.

அன்றோடு 10,000 கிலோமீட்டர் இடைவெளியை விட்டேன். இப்போது 7,500 அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. சிந்தெடிக் ஊற்றினால் 15,000, 20,000 வரை மாற்றவே வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே சீராக நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு, மேனுவலும் அனுமதித்தால், அது பொருந்தலாம். குறுந்தூர ஓட்டத்துக்குப் பொருந்தாது. பெட்ரோல் கலந்த ஆயில் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் நீர்த்த ஆயில்தான்.

65,000-இல் அந்தக் காலைச் சத்தம் திரும்பி வந்தது. அதே பிராண்ட், அதே கிரேடு, சீல் உடைக்காத கேன். மூன்று நாள் தூக்கம் இல்லை. கடைசியில் சிக்கியது ஃபில்டர். அந்த முறை கையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டிருந்தோம். ஃபில்டருக்குள் ரப்பரால் ஆன ஒரு வால்வு உண்டு. இன்ஜின் நின்ற பிறகு ஆயில் வழிந்து திரும்பிப் போகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. கழற்றி எடுத்துப் பார்த்தபோது அந்த ரப்பர் விளிம்பு விறைத்துப்போய், விரலால் அழுத்தினால் மடங்கவே மறுத்தது. கார் நிறுவனத்தின் ஃபில்டரைப் போட்டதும் மறுநாள் காலையிலேயே சத்தம் இல்லை. ஆயிலுக்குச் செலவழித்துவிட்டு ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சரி, கேனில் என்ன பார்ப்பது? முன்பக்கத்தில் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று பெரிதாக இருக்கும். அதற்கு நான் இப்போது பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரிக்கும், அடிப்படை எண்ணெய் வகைப்பாட்டில் மூன்றாம் பிரிவு எனப்படும் ஆயிலையும் சிந்தெடிக் என்று அழைக்கலாம் என 1999-இல் அமெரிக்க விளம்பர ஒழுங்கு அமைப்பு ஒன்று மொபில், காஸ்ட்ரால் இடையிலான வழக்கில் சொன்னது. வேதிமுறையில் உருவாக்கும் நான்காம் பிரிவுதான் பழைய பொருளில் சிந்தெடிக். ஆனாலும் மூன்றாம் பிரிவு ஆயில் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். என் காரில் ஐந்து மாற்றமாக ஓடுவது பெரும்பாலும் அதுதான், நன்றாகவே இருக்கிறது.

பின்பக்கத்தைத் திருப்புங்கள். கிரேடு, ஏபிஐ குறியீடு, கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண், இந்த மூன்றும் மேனுவலோடு பொருந்த வேண்டும். டர்போ நேரடி பாய்ச்சல் பெட்ரோல் என்றால் ஏபிஐ எஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய குறியீட்டைத் தேடுங்கள். 2020 மே மாதம் வந்த எஸ்பி தரத்தில், குறைந்த வேகத்தில் அழுத்தும்போது தீப்பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறுக்கும், டைமிங் செயின் தேய்மானத்துக்கும் தனிச் சோதனைகள் உண்டு. முதல் கோளாறு பிஸ்டனையே உடைக்கக் கூடியது. ஆயிலில் இருக்கும் கால்சியம் வகைச் சுத்திகரிப்புச் சத்து அதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகு, தயாரிப்பாளர்கள் அதில் ஒரு பகுதியை மெக்னீசியத்துக்கு மாற்றினார்கள். புகை வடிகட்டி உள்ள டீசல் கார்க்காரர்களுக்குக் கணக்கு வேறு. எரிந்தால் சாம்பல் குறைவாக விடும், ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்கள் சங்கம்) சி வரிசை ஆயில் வேண்டும். கிரேடு ஒத்துப்போகிறது என்று பெட்ரோல் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

தனியாகப் பாட்டிலில் விற்கும் சேர்க்கைகள் எதையும் நான் ஊற்றுவதில்லை. ஆயில் கறுத்துவிட்டது என்று பதறுவதும் இல்லை. கரியைத் தன்னோடு சுமந்தால் கறுக்கத்தான் செய்யும்.

போன வாரம் 87,500-இல் மாற்றினேன். டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிது. எதிரே நின்று, கேனின் சீலை நானே உடைத்துக் கொடுத்தேன். ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, தேன் நிறத்தில் நின்றது.