ஷாப்பும் நானும்: மூன்று வருடப் புழக்கம்

எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் ஜீன் வெளிப்பாட்டுத் தரவை வைத்து, நோயைக் கணிக்கும் கணினி மாடல் கட்டுவது என் பிழைப்பு. கட்டுவது எக்ஸ்ஜிபூஸ்ட்டில் (நிறைய முடிவு மரங்களை, அதாவது ஆம்/இல்லை கேள்விச் சங்கிலிகளை, அடுக்கும் மென்பொருள்), மாடல் ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்பது ஷாப்பிடம் (SHAP: மாடலின் முடிவில் எந்த ஜீனுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் கருவி). கூட்டாகச் சம்பாதித்ததைக் கூட்டாளிகளுக்குள் நியாயமாகப் பங்கு பிரிக்க 1953-இல் லாயிட் ஷாப்லி சொன்ன கணக்குதான் அடிப்படை. ஸ்காட் லண்ட்பெர்க், சு-இன் லீ என்ற ஆய்வாளர்கள் 2017-இல் அதை வைத்து மாடல்களை விளக்கும் ஷாப்பை உருவாக்கினார்கள். கூட்டாளிகளுக்குப் பதில் இங்கே ஜீன்கள்.

முதலில் அது காப்பாற்றியது என் மானத்தை. ரத்த மாதிரிகளில் நோயாளி யார் என்று பிரிக்கும் மாடல், கிட்டத்தட்ட தப்பே செய்யவில்லை. சந்தேகப்பட்டு, எந்த ஜீனுக்குப் பங்கு அதிகம் என்று ஷாப்பில் படம் போட்டேன். உச்சியில் எக்சிஸ்ட் என்ற ஜீன், அடுத்து ஆர்பிஎஸ்4ஒய்1. முன்னது பெண்களின் செல்களில் வெளிப்படுவது, பின்னது ஒய் குரோமோசோமில் இருப்பது. எங்கள் நோயாளிகளில் பெண்கள் அதிகம், ஒப்பீட்டுக் குழுவில் ஆண்கள் அதிகம். நோயைப் படிக்காமலே, ஆணா பெண்ணா என்று பார்த்து மார்க் வாங்கியிருக்கிறது! இதற்காகவே ஷாப்பை விடமாட்டேன்.

அப்புறம் குறை. டிசிஜிஏ என்ற பொதுத் தரவுத்தொகுப்பின் மார்பகப் புற்றுநோய்த் தரவில், ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகையைப் பிரித்தபோது, அந்தப் புரதத்துக்கான ஜீன் ஈஆர்பிபி2 முதலிடத்தில் வந்தது. சரி, பாடப்புத்தகம் சொல்வதுதான். ஒவ்வொரு மரத்துக்கும் பாதி ஜீன்களையே கொடுத்திருந்ததால், ரேண்டம் சீடை (எந்தப் பாதி என்று குலுக்கிப் போடும் தொடக்க எண்ணை) மாற்றி இன்னொரு முறை ஓட்டினேன். ஜிஆர்பி7 என்ற வேறொரு ஜீன் மேலே ஏறிவிட்டது. இரண்டும் 17-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. புற்றுநோய் செல்லில் இந்த ஜீன்களின் பிரதிகள் பெருகினால் பெரும்பாலும் சேர்ந்தே பெருகும். மாடலுக்கு எது கையில் சிக்கினாலும் ஒன்றுதான். ஆனால் இந்த வகைக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து போய்ப் பிடிப்பது ஈஆர்பிபி2 தரும் புரதத்தைத்தான். அந்தப் பட்டியலை அப்படியே மருந்து தேடுபவரிடம் நீட்டியிருந்தால், பாவம், அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. மரவகை மாடல்களுக்கென்றே ட்ரீஷாப் என்ற வேகமான வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகப் படம் வரும், டாக்டர்களுக்கு அது பிடிக்கும். பிடித்ததும் கேட்கும் கேள்விதான் வம்பு: "அப்போ இந்த ஜீனை அடக்கினா நோய் குறையுமா?" மாடல் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்பதோடு ஷாப்பின் பேச்சு முடிந்துவிடும். மிச்சத்துக்கு செல்களில் அந்த ஜீனை அடக்கித்தான் பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் பல சீடுகளில் ஓட்டி, சேர்ந்தே ஏறி இறங்கும் ஜீன்களை ஒரே குழுவாக்கிப் பங்கைக் கூட்டிவிடுகிறேன். படத்தில் ஜீன் பெயருக்குப் பக்கத்தில் குரோமோசோம் எண்ணையும் எழுதிவிட்டுத்தான் டாக்டரிடம் கொடுப்பது.