டபுள்டு டையா, மெஷின் டபுளிங்கா? எழுத்தின் அகலத்தைப் பாருங்கள்

எழுத்து இரட்டையாகத் தெரியும் அமெரிக்க சென்ட்டுகளில் பெரும்பாலானவை வெறும் மெஷின் டபுளிங். அவற்றுக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு காசும் தேறாது.

சேகரிப்பாளர்கள் தேடும் டபுள்டு டையில் கோளாறு டையிலேயே, அதாவது நாணயத்தை அடிக்கும் எஃகு அச்சிலேயே இருக்கிறது. புடைப்பு உருவம் உள்ள ஹப்பை எஃகில் அழுத்தித்தான் டை செய்கிறார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதாகப் பதியாது. எஃகு இறுகிவிடும் என்பதால், சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். அந்த இரண்டாவது அழுத்தம் இம்மி விலகினாலும் டையில் இரண்டு உருவம் விழும். அதன்பின் அந்த டை அடிக்கும் அத்தனை நாணயங்களிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில் வரும்.

மெஷின் டபுளிங்கில் டையின் உருவம் சரியாகவே இருக்கும். டை பிரஸ்ஸில் தளர்ந்திருப்பதுதான் குறை. அடித்த கையோடு அது நகர்ந்தோ துள்ளியோ, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை இடித்துத் தட்டையாக்கிவிடும். அடுத்த நாணயத்தில் இதே தடம் வரும் என்று சொல்ல முடியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) முதலில் பார்க்க வேண்டியது எழுத்தின் அகலம். டபுள்டு டையில் இரண்டாவது உருவம் முதல் உருவத்தைப் போலவே உருண்டு எழும்பி நிற்கும். மொத்தத்தில் எழுத்து தடிக்கும். மூலைகளில் வெட்டினாற்போல் பிளவு தெரியும். மெஷின் டபுளிங்கில் புது உலோகம் எதுவும் சேர்வதில்லை. எழுத்தின் ஒரு பகுதியே கீழே அமுங்கிப் படிக்கட்டு போலத் தட்டையாகக் கிடக்கும், பளபளக்கும். அதனால் எழுத்தின் மேற்புறம் மெலிந்துவிடும். அதே ஆண்டின் சாதாரண சென்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ஒரே பக்கத்திலிருந்து விழும் கடுமையான வெளிச்சம் வேண்டாம். நிழலே இரண்டாவது எழுத்தாகத் தோன்றும். பரவலான வெளிச்சத்தில் நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றிப் பாருங்கள்.

1969 சான் பிரான்சிஸ்கோ சென்ட்டில் இன்னொரு சோதனை கைகொடுக்கும். ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச்சாலை என்று காட்டும் ‘எஸ்’ குறியை அக்காலத்தில் ஹப் பதிக்கவில்லை. டை தயாரான பிறகு தனியாகக் கையால் அடித்தார்கள். எனவே அசல் டபுள்டு டையில் ஆண்டும் முகப்பு வாசகங்களும் இரட்டிக்கும், ‘எஸ்’ ஒற்றையாகவே நிற்கும். ‘எஸ்’ஸும் ஆண்டோடு சேர்ந்து அதே திசையில் தட்டையாகச் சரிந்திருந்தால் மெஷின் டபுளிங்தான், ஆசைப்பட வேண்டாம். 1990 முதல் சென்ட்டின் நாணயச்சாலைக் குறியும் மூல அச்சிலேயே சேர்ந்து ஹப் வழியாகவே வந்துவிடுவதால், அதற்குப் பிந்தைய நாணயங்களில் இந்தச் சோதனை செல்லாது.

இடையில் மூன்றாவது ஒன்றும் குழப்பும்: டை தேய்ந்து வரும் இரட்டிப்பு. எழுத்து வீங்கி, ஓரம் மழுங்கி, பின்புலம் சொரசொரப்பாக இருக்கும். 1955 சென்ட்டின் கடைசி ஐந்து இப்படி இரட்டித்து வருவதைத்தான் ‘ஏழையின் டபுள்டு டை’ என்று விற்கிறார்கள். அசல் 1955இல் ஆண்டும் வாசகங்களும் லூப் இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும்.

1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் டை செய்யும் முறை வந்தது. அதோடு டபுள்டு டை ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. அழுத்தம் தொடங்கும்போது எஃகு லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் நடுப்பகுதி இரட்டிக்கும். மரக்கட்டையில் அமர்ந்து படிக்கும் லிங்கன் உள்ள 2009 சென்ட்டில் கூடுதல் விரல் தேடுவது இதனால்தான். புதிய நாணயத்தில் விளிம்பு எழுத்துகள் மட்டும் பலமாக இரட்டித்திருந்தால் முதலில் மெஷின் டபுளிங்கையே சந்தேகியுங்கள்.

பார்வையில் தேறிய நாணயத்தை டை அடையாளத்தோடு, அதாவது அந்த டைக்கே உரிய சிறு தடங்களோடு ஒப்பிடுங்கள். 1972இன் பிரபல டபுள்டு டையில், பின்பக்கம் ‘யுனைட்டெட்’ சொல்லின் கடைசி எழுத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் கீறல் இருக்கும். 1955க்குப் போலிகளும் உண்டு என்பதால், அங்கே இரட்டிப்பு அச்சு அசலாக இருந்தாலும் பின்பக்கத்தில் டை அடையாளத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.